அளக்காமல் வைக்கும் ஹீப்

தேர்வு முடிவுகள் வெளியாகும் காலை, தட்கல் முன்பதிவு திறக்கும் 10 மணி, வரிக் கணக்குத் தாக்கலுக்கான கடைசி நாள் மாலை. இணையச் சேவைகள் திணறுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட நேரங்களில்தான். திணறியதும் ‘சர்வர் டவுன்’ என்கிறோம். கூட்டம் அதிகம், இயந்திரம் போதவில்லை என்று விளக்கம் வருகிறது. அடுத்த முறை இன்னும் பெரிய சர்வர் வாங்கப்படுகிறது. சில சமயம் உண்மையிலேயே இயந்திரம் போதாமல் இருக்கலாம். ஆனால் அந்த முடிவுக்கு வருவதற்கு முன் பார்க்க வேண்டிய ஓர் எண் இருக்கிறது. வங்கி, காப்பீடு, அரசுச் சேவை போன்ற துறைகளின் சர்வர்களில் ஜாவாவில் எழுதிய செயலிகள் ஏராளம். அப்படி ஒரு செயலி எவ்வளவு நினைவகம் எடுத்துக்கொள்ளலாம் என்பதை அதைத் தொடங்கும் கட்டளையில் உள்ள ஒரு வரி முடிவு செய்கிறது. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால், முந்தைய திட்டத்தின் கோப்பிலிருந்து அப்படியே எடுத்தது, அல்லது பார்ப்பதற்கு நன்றாக இருந்த ஒரு முழு எண் என்பதே பல நேரங்களில் பதிலாக இருக்கும். அந்த எண்ணை அளந்துதான் வைக்க வேண்டும்; அளந்ததற்கான ஆதாரத்தைச் சேவையை வாங்குபவர்கள் கேட்டுப் பெற வேண்டும். இதைப் பொறியாளர்களின் உள்விவகாரமாக விட்டுவிடக் கூடாது என்பதால்தான் ஒரு பொதுப் பத்திரிகையில் இதை எழுதுகிறேன்.

1995-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் ஜாவாவை வெளியிட்டபோது, நினைவகத்தைத் தாங்களே கேட்டு வாங்கித் தாங்களே திருப்பிக் கொடுக்கும் வேலையிலிருந்து நிரலாளர்களுக்கு விடுதலை கிடைத்தது. சி, சி++ மொழிகளில் திருப்பிக் கொடுக்க மறந்தால் நினைவகம் கசியும். ஒரே இடத்தை இருமுறை திருப்பிக் கொடுத்தால் செயலியே விழுந்துவிடலாம். ஜாவாவில் செயலி உருவாக்கும் ஆப்ஜெக்ட்டுகள் எல்லாம் ஹீப் என்ற பரப்பில் இடம் பிடிக்கின்றன. இனித் தேவைப்படாதவற்றின் இடத்தைக் காலி செய்யும் வேலையைக் கார்பேஜ் கலெக்டர் பார்த்துக்கொள்கிறது. பொறியாளர்கள் பேச்சில் அது ஜிசி. இந்த யோசனை ஜாவாவைவிட வயதானது. லிஸ்ப் மொழிக்காக 1950களின் இறுதியில் ஜான் மெக்கார்த்தி உருவாக்கியது. ஆனால் ஹீப்புக்கு உச்சவரம்பு வைக்கும் பொறுப்பு இன்னும் மனிதரிடம்தான் இருக்கிறது. எக்ஸ்எம்எக்ஸ் என்ற அமைப்பு உச்சவரம்பைச் சொல்கிறது, எக்ஸ்எம்எஸ் தொடக்க அளவைச் சொல்கிறது. எதுவும் சொல்லாவிட்டால் இயந்திரத்தின் நினைவகத்தில் நான்கில் ஒரு பங்கை உச்சவரம்பாக ஜாவாவே வைத்துக்கொள்ளும். உங்கள் சேவை என்ன செய்கிறது என்று தெரியாமல் வைக்கும் அளவு அது.

இந்த எண் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது ஜிசி வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. அது தேடிப் போவது குப்பையை அல்ல, பயன்பாட்டில் இருப்பவற்றை. செயலி இன்னும் பிடித்து வைத்திருக்கும் ஆப்ஜெக்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் குறித்துக்கொண்டு, மீதியெல்லாம் காலி என்று முடிவு செய்கிறது. ஆகவே ஒரு சுற்றுக்கு ஆகும் செலவு, உயிருள்ள தரவின் அளவைப் பொறுத்தது. எத்தனை சுற்று என்பது காலியாக உள்ள இடத்தைப் பொறுத்தது. உயிருள்ள தரவு 2 ஜிபி, ஹீப் 2.5 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் அரை ஜிபி நிரம்பும்போதும் ஜிசி அந்த 2 ஜிபியையும் சுற்றி வர வேண்டும். ஹீப்பை 6 ஜிபி ஆக்கினால் 4 ஜிபி நிரம்பும்வரை அது ஓய்வாக இருக்கும். சுற்றுகள் எட்டில் ஒரு பங்காகக் குறையும். இன்றைய ஜாவா, புதிதாகப் பிறந்த ஆப்ஜெக்ட்டுகளில் பெரும்பாலானவை சீக்கிரமே செத்துவிடும் என்பதைப் பயன்படுத்தி, இளையவற்றைத் தனிப் பகுதியில் வைத்து அடிக்கடி சுத்தம் செய்கிறது. அதனால் உண்மைக் கணக்கு இதைவிடச் சிக்கலானது. ஆனாலும் இறுக்கமான ஹீப்பில் உழைப்பு வீணாகும் என்ற அடிப்படை மாறுவதில்லை.

இதற்கு அளந்து கண்ட ஆதாரம் உண்டு. 2005-ல் மேத்யூ ஹெர்ட்ஸ், எமெரி பெர்கர் என்ற இரு ஆய்வாளர்கள், ஜிசி பார்த்துக்கொள்ளும் செயலியையும் நினைவகத்தைக் கையால் திருப்பிக் கொடுக்கும் செயலியையும் ஒப்பிட்டார்கள். தேவைப்படும் நினைவகத்தைப்போல் ஐந்து மடங்கு கொடுத்தபோது ஜிசி கையால் செய்வதற்கு ஈடாக ஓடியது. மூன்று மடங்கு கொடுத்தபோது சராசரியாக 17 சதவீதம் பின்தங்கியது. இரண்டு மடங்குதான் என்றபோது 70 சதவீதம் பின்தங்கியது. அவர்கள் பயன்படுத்தியது அன்றைய ஆய்வுக்கான ஜாவா அமைப்பு. இன்றைய கலெக்டர்களுக்கு அந்தச் சதவீதங்களை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும்போது சரிவு எவ்வளவு செங்குத்தாக இருக்கிறது என்பதைப் பாருங்கள். ஹீப் கொஞ்சம் குறைந்தால் வேகம் கொஞ்சம் குறையும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். சார்லி ஹன்ட், பினு ஜான் இருவரும் 2011-ல் எழுதிய ‘ஜாவா பெர்ஃபார்மன்ஸ்’ நூலும், உயிருள்ள தரவைப்போல் மூன்று முதல் நான்கு மடங்கு ஹீப் வைத்துத் தொடங்குங்கள் என்றே சொல்கிறது. தொடங்குவதற்கு இந்த அளவு போதும். ஆனால் மூன்று மடங்கு என்றால் எதைப்போல் மூன்று மடங்கு என்று தெரிய வேண்டுமே!

அதைத் தெரிந்துகொள்வது ஒன்றும் பெரிய வித்தையல்ல. ஜாவாவில் ஜிசி லாக் என்ற பதிவேடு உண்டு. ஒரு வரி அமைப்பில் அதை இயக்கிவிடலாம். செயலியின் வேகத்தில் அதனால் குறிப்பிடும்படியான பாதிப்பு இல்லை. சேவையின் மீது நிஜக் கூட்டத்துக்கு நிகரான சுமையைச் செலுத்தி, சில மணி நேரம் ஓடவிட்டு, ஹீப் முழுவதையும் துப்புரவு செய்யும் ஃபுல் ஜிசி ஒன்றைத் தூண்டினால், லாக்கில் ஒரு வரி விழும். 5,800எம் என்று ஓர் எண், அடுத்து ஓர் அம்புக்குறி, அடுத்து 2,100எம், பிறகு அடைப்புக்குறிக்குள் 6,144எம், கடைசியில் எத்தனை மில்லிவிநாடி என்ற கணக்கு. இப்படித்தான் அந்த வரி இருக்கும். அம்புக்குறிக்கு இடப்பக்கம் இருப்பது துப்புரவுக்கு முன் நிரம்பியிருந்த அளவு. அடைப்புக்குறிக்குள் இருப்பது ஹீப்பின் மொத்த அளவு. நமக்கு வேண்டியது அம்புக்குறிக்கு வலப்பக்கம் உள்ள 2,100. அதுதான் உயிருள்ள தரவு. வேறு வேறு நேரங்களில் இதையே திரும்ப அளந்து, அந்த எண் ஒரே மட்டத்தில் நிற்கிறதா, ஏறிக்கொண்டே போகிறதா என்று பார்க்க வேண்டும். நிற்கிறது என்றால் ஹீப் அளவைக் கணக்கிடலாம். ஏறிக்கொண்டே போகிறது என்றால் எங்கோ ஒரு பட்டியலில் சேர்த்ததை எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். எடுக்காமல் விட்டதை ஜிசியாலும் எடுக்க முடியாது. அப்போது எவ்வளவு பெரிய ஹீப் வைத்தாலும் விழும் நாள்தான் தள்ளிப்போகும். ஒவ்வொரு ஞாயிறும் நள்ளிரவில் சர்வரை ரீஸ்டார்ட் செய்யும் வழக்கம் எங்கேயாவது இருந்தால், அங்கே முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பதிவேட்டைத்தான்.

அப்படியானால் ஹீப்பை முடிந்த மட்டும் பெரிதாக வைத்துவிட்டால் என்ன? அதிகம் பேர் செய்யும் தவறு இதுதான், இதற்குத்தான் செலவும் அதிகம். சர்வரின் நினைவகம் ஜாவாவுக்கு மட்டும் சொந்தமல்ல. செயலிகள் அடிக்கடி படிக்கும் கோப்புகளை லினக்ஸ் இயங்குதளம் மீதமுள்ள நினைவகத்தில் வைத்துக்கொண்டு, வட்டுவரை போகாமல் எடுத்துக் கொடுக்கிறது. எலாஸ்டிக்சர்ச் என்ற தேடுபொறி மென்பொருளின் ஆவணம், இயந்திரத்தின் நினைவகத்தில் பாதிக்கு மேல் ஹீப்புக்குக் கொடுக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான். லிங்க்ட்இன் நிறுவனத்தில் பிறந்த காஃப்காவும் அப்படியே. நாளெல்லாம் செய்திகளை வாங்கி வட்டில் எழுதும் அந்த மென்பொருளின் ஆவணத்தில் உதாரணமாகத் தந்திருக்கும் ஹீப் வெறும் 6 ஜிபி. வேகமெல்லாம் ஹீப்புக்கு வெளியே விட்டுவைத்த இடத்திலிருந்து வருகிறது. ஹீப்பைப் பெருக்கி லினக்ஸின் இடத்தைப் பிடுங்கினால் செயலியும் சேர்ந்து மந்தமாகும். நினைவகம் போதாதபோது லினக்ஸ் வட்டில் பயன்படுத்தும் ஸ்வாப் என்ற இடத்துக்கு ஹீப்பின் ஒரு பகுதி போய்விட்டாலோ நிலைமை இன்னும் மோசம். ஜிசி ஒவ்வொரு மூலையையும் தொட்டுப் பார்க்கும் பழக்கம் உள்ளது. ஒவ்வொன்றையும் வட்டிலிருந்து இழுத்து வந்துதான் தொட வேண்டியிருக்கும்.

பெரிய ஹீப் பற்றிப் பேசும்போது 32 ஜிபி எல்லையைச் சொல்லியாக வேண்டும். ஓர் ஆப்ஜெக்ட் இன்னோர் ஆப்ஜெக்ட்டைச் சுட்டுவதற்கு முகவரி வேண்டும். 64 பிட் இயந்திரத்தில் முகவரிக்கு 8 பைட். ஆனால் ஜாவா எல்லா ஆப்ஜெக்ட்டுகளையும் 8 பைட் இடைவெளிகளில்தான் வைக்கிறது. ஆகவே எத்தனையாவது பைட் என்பதற்குப் பதிலாக எத்தனையாவது இடைவெளி என்று குறித்தால் 4 பைட்டிலேயே வேலை முடிந்துவிடும். அந்த 4 பைட்டால் சுட்ட முடிந்த தூரம் 32 ஜிபி. ஹீப் அந்த அளவைத் தாண்டியதும் ஒவ்வொரு முகவரியும் 8 பைட்டாகத் திரும்பிவிடும். ஒவ்வோர் ஆப்ஜெக்ட்டும் கொஞ்சம் வீங்கும். எலாஸ்டிக்சர்ச் குழுவின் வழிகாட்டி நூல் ஒன்று, 32 ஜிபிக்குச் சற்றுக் கீழே வைத்த ஹீப்பில் கொள்ளும் தரவு, எல்லையைத் தாண்டினால் 40 முதல் 50 ஜிபி ஹீப்பில்தான் கொள்ளும் என்று கணக்கிட்டது. அதாவது 31 போதவில்லை என்று 36 வைத்தவர், காசு கொடுத்து இருந்த இடத்தையும் இழக்கிறார். எங்கும் பிழைச் செய்தி வராது. அளந்து பார்த்தால்தான் தெரியும்.

ஒரே இயந்திரத்தைத் தனித்தனி வரம்போடு பல செயலிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் கன்டெய்னர்கள் வந்த பிறகு இந்தத் தவறு வேறு உருவம் எடுத்தது. 64 ஜிபி இயந்திரத்தில் 4 ஜிபி வரம்புள்ள கன்டெய்னருக்குள் பழைய ஜாவா 8 ஓடினால், அது கன்டெய்னரின் வரம்பைப் பார்க்காமல் இயந்திரத்தைப் பார்த்து 16 ஜிபி வரை எனக்கு உரிமை உண்டு என்று எடுத்துக்கொண்டது. வரம்பைத் தாண்டியதும் லினக்ஸ் அதைக் கொன்றது. 2018 மார்ச்சில் வந்த ஜாவா 10 இதைச் சரிசெய்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஜாவா 8-க்கும் திருத்தம் வந்தது. பிறகு பிரச்சினை திசை மாறியது. எண் எதுவும் சொல்லாவிட்டால் 4 ஜிபி கன்டெய்னரில் ஹீப் 1 ஜிபிதான். நான்குக்குப் பணம் கட்டி ஒன்றைப் பயன்படுத்துகிறோம். இது வீண் என்று உணர்ந்தவர்கள் எக்ஸ்எம்எக்ஸை முழு 4 ஜிபிக்கு ஏற்றிவிடுகிறார்கள். அதுவும் தவறு. ஏனென்றால் ஹீப் என்பது ஜாவா பயன்படுத்தும் நினைவகத்தில் ஒரு பகுதி மட்டுமே. கிளாஸ் விவரங்கள் இருக்கும் மெட்டாஸ்பேஸ், இயந்திரக் குறியீடாக மாற்றியவை தங்கும் கோட் கேஷ், செயலிக்குள் இணையாக ஓடும் ஒவ்வொரு திரெட்டுக்கும் லினக்ஸில் வழக்கமாக 1 எம்பி வரை போகக்கூடிய ஸ்டாக், ஜிசி தனக்காக வைத்திருக்கும் கணக்குப் புத்தகங்கள் எல்லாம் ஹீப்புக்கு வெளியே. வலையமைப்பு நூலகங்கள் பயன்படுத்தும் டைரக்ட் பஃபருக்கு நாம் வரம்பு சொல்லாவிட்டால், ஹீப் உச்சவரம்பு எவ்வளவோ அவ்வளவு அதற்கும் அனுமதி. 3 ஜிபி ஹீப் வைத்தவர், தனக்கே தெரியாமல் இன்னொரு 3 ஜிபிக்கும் கதவைத் திறந்து வைத்திருக்கிறார். இப்படி விழும் செயலி ஜாவாவின் பிழைச் செய்தியைக்கூட எழுதாது. 137 என்ற வெளியேறும் குறியீட்டு எண்ணுடன் திடீரென்று மறைந்துபோகும். லாக்கில் ஒன்றும் இல்லையே என்று இரவெல்லாம் தேடுபவர்கள் பெரும்பாலும் தேடிக்கொண்டிருப்பது இதைத்தான்.

தமிழில் தரவை வைத்திருக்கும் சேவைகளுக்குத் தனியாக ஒரு கணக்கு உண்டு. 2017-ல் வந்த ஜாவா 9 முதல், ஓர் எழுத்துத் தொடரில் உள்ளவை முழுவதும் ரோமன் எழுத்துகளாக இருந்தால் எழுத்துக்கு 1 பைட் போதும். தமிழுக்கு அந்தச் சலுகை இல்லை. குறியீட்டுக்கு 2 பைட். முருகன் என்ற பெயரை ரோமன் எழுத்தில் எழுதினால் 7 எழுத்து, 7 பைட். தமிழில் மு, ரு, க, ன் என்று நாம் நான்காக எண்ணினாலும், உகரக் குறிகளும் புள்ளியும் தனித்தனியே சேர்ந்து யூனிகோடில் 7 குறியீடு. ஆக 14 பைட். ஒவ்வோர் எழுத்துத் தொடரையும் சுற்றியுள்ள தலைப்பகுதிக்கும் இடம் போவதால், சின்னப் பெயர்களில் வித்தியாசம் குறைவாகத்தான் தெரியும்: ஒன்றுக்கு 48 பைட் என்றால் மற்றொன்றுக்கு 56. ஆனால் முகவரி, மனு, தீர்ப்பு, பாடநூல் பத்தி என்று நீளும்போது ஏறக்குறைய இரட்டிப்புதான். நீண்ட ஆங்கில முகவரியின் நடுவில் ஒரே ஒரு தமிழ் எழுத்து இருந்தாலும் அந்த முகவரி முழுவதும் 2 பைட்டுக்கு மாறிவிடும். ஆங்கிலப் பெயர்களை நிரப்பிச் சோதித்துவிட்டு, தமிழ்ப் பெயர்களோடு திறக்கும் சேவை, சோதித்த அளவில் ஓடாது. தமிழில் சேவை தர வேண்டும் என்று உத்தரவு போடுபவர்கள், தமிழ்த் தரவோடு சோதிக்க வேண்டும் என்பதையும் அதே உத்தரவில் எழுத வேண்டும்.

இவ்வளவு மெனக்கெடத் தேவையில்லை என்பவர்களின் வாதங்களையும் பார்ப்போம். நினைவகம் மலிவு, பொறியாளரின் நேரம்தான் விலை அதிகம் என்பது முதல் வாதம். சொந்த அலுவலகத்தில் ஒரே ஒரு சர்வர் வைத்திருப்பவருக்கு அது சரியாக இருக்கலாம். கிளவுடில் நினைவகத்தை இரட்டிப்பாக்க வேண்டுமானால் பெரும்பாலும் அடுத்த அளவு இயந்திரத்துக்குப் போக வேண்டும். மாதக் கட்டணமும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதே சேவை ஐம்பது கன்டெய்னர்களில் ஓடினால் அந்தக் கூடுதல் செலவு ஐம்பது முறை. அளக்கும் வேலையோ ஒன்றிரண்டு நாளில் முடியும்.

இரண்டாவது வாதம் வலுவானது. புதிய கலெக்டர்கள் வந்துவிட்டனவே, இன்னும் ஏன் பழைய கவலை என்கிறார்கள். 2020-ல் ஜாவா 15 வழியாக முழுப் பயன்பாட்டுக்கு வந்த இசட்ஜிசி, சுத்தம் செய்வதற்காகச் செயலியை நிறுத்தி வைக்கும் நேரத்தை ஒரு மில்லிவிநாடிக்கும் கீழே கொண்டுவந்திருப்பது உண்மை. பல நூறு ஜிபி ஹீப்பிலும் அது சாத்தியம் என்பது பெரிய சாதனை. ஆனால் இசட்ஜிசி செயலியைப் பெரும்பாலும் நிறுத்தாமல், அதன் பக்கத்திலேயே ஓடிக்கொண்டு சுத்தம் செய்கிறது. சுத்தம் முடியும்வரை செயலி புதிய ஆப்ஜெக்ட்டுகளை உருவாக்கிக்கொண்டேதான் இருக்கும். அவற்றுக்கு இடம் வேண்டும். இடம் தீர்ந்தால், நினைவகம் கேட்கும் திரெட்டுகள் வரிசையில் நிற்க வேண்டியதுதான். தவிர, இசட்ஜிசி மேலே சொன்ன 4 பைட் முகவரியைப் பயன்படுத்துவதில்லை. 20 ஜிபி ஹீப்பில் ஜாவாவின் இன்னொரு கலெக்டரான ஜி1-உடன் நிம்மதியாக இருந்த சேவையை அதே அளவில் இசட்ஜிசிக்கு மாற்றினால், உயிருள்ள தரவே பருத்துவிடும். ஆகவே கலெக்டரை மாற்றுபவர்கள் அளவையும் மறுபடி எடுக்க வேண்டும். ஜாவா 21-ல் வந்த விர்ச்சுவல் திரெட்டுகளுக்கும் இது பொருந்தும். அவற்றின் ஸ்டாக் ஹீப்புக்குள்ளேயே தங்குவதால், வெளியே இருந்த சுமை உள்ளே வருகிறது.

இயல்பாக வரும் அமைப்புகளை வைத்தவர்கள் நிபுணர்கள், நாம் ஏன் கை வைக்க வேண்டும் என்பது இன்னொரு வாதம். ஒரு பாதி இதை ஏற்கிறேன். ஜிசிக்கு நூற்றுக்கணக்கான அமைப்புகள் உண்டு; அவற்றில் பெரும்பாலானவற்றைத் தொடாமல் இருப்பதே நல்லது. எங்கோ பார்த்த இருபது அமைப்புகளை ஒட்டவைத்த தொடக்கக் கட்டளைகளால் கெட்ட சேவைகளும் உண்டு. ஆனால் ஹீப் உச்சவரம்பை மட்டும் அப்படி விட முடியாது. உங்கள் சேவையில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் உள்ளே இருப்பார்கள், ஒவ்வொருவருக்காகவும் எவ்வளவு தரவு பிடித்து வைக்கப்படுகிறது என்பது ஜாவாவை உருவாக்கியவர்களுக்குத் தெரிய வழியில்லை. சர்வரில் வேறு செயலி எதுவும் இல்லையென்றால் எக்ஸ்எம்எஸ், எக்ஸ்எம்எக்ஸ் இரண்டையும் ஒரே அளவில் வையுங்கள். கூட்டம் வரும் நேரத்தில் ஹீப் வளர்வதற்கு வேலை செலவாகாது.

ஹீப் போதாமல் போகும் சேவை உடனே விழுவதில்லை என்பதுதான் மக்களைப் பாதிக்கும் விஷயம். ஜாவாவின் பேரலல் என்ற கலெக்டரில், 98 சதவீதத்துக்கு மேல் நேரம் ஜிசிக்கே போய், 2 சதவீதத்துக்கும் குறைவான ஹீப்தான் மீட்கப்படுகிறது என்ற நிலை வந்த பிறகே ஜாவா பிழையை அறிவிக்கிறது. அந்த எல்லைக்கு வரும்வரை சேவை உயிரோடுதான் இருக்கிறது. பொத்தானை அழுத்தியவர் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பணம் போனதா, விண்ணப்பம் ஏறியதா என்று தெரியாமல் மறுபடி அழுத்துவார். அது இன்னொரு கோரிக்கையாகி, இன்னும் கொஞ்சம் ஹீப்பைத் தின்னும். கண்காணிப்புத் திரையிலோ சிபியு முழு வேகத்தில் ஓடுவதாகத் தெரியும். கூட்டம்தான் காரணம் என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள்.

ஆகவே பொதுப் பணத்தில் சேவை வாங்கும் துறைகள் ஒப்பந்தப் புள்ளியில் கூடுதலாக ஒரு பக்கம் கேட்கட்டும். எந்தச் சுமையில் சோதித்தார்கள், எந்த மொழித் தரவோடு சோதித்தார்கள், ஃபுல் ஜிசிக்குப் பிறகு உயிருள்ள தரவு எவ்வளவு, அதிலிருந்து ஹீப் அளவு எப்படி வந்தது, ஹீப்புக்கு வெளியே எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அந்த ஒரு பக்கத்தில் அடங்கும். ஜாவா பதிப்போ கலெக்டரோ மாறினால் அந்தப் பக்கத்தைப் புதிதாக எழுதித் தர வேண்டும். நினைவகம் தீரும்போது ஹீப் டம்ப் என்ற கோப்பு தானாக எழுதப்படும்படி அமைத்திருந்தால், அந்தக் கோப்பு எங்கே போகிறது என்பதும் அதில் இருக்க வேண்டும். விழுந்த நொடியில் ஹீப்பில் இருந்த அத்தனையும், பயனர்களின் பெயர், கைப்பேசி எண், சில நேரம் கடவுச்சொல்கூட, அந்தக் கோப்பில் அப்படியே இருக்கும். கசிவைக் கண்டுபிடிக்க அது மிகவும் உதவும், அதனால் அதை நிறுத்தச் சொல்லவில்லை. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றிய நாட்டில், அந்தக் கோப்பை யார் திறக்கலாம், எத்தனை நாளில் அழிக்க வேண்டும் என்பதை ஒப்பந்தமே சொல்லட்டும்.